புதன்கிழமை அளந்த வீடு

ஓய்வுபெற்ற அலுவலர் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பணிக்கால இனிய நினைவு ஒன்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கம் போதுமாம். கூடவே பாஸ்போர்ட் அளவில் ஒரு படமும் வேண்டுமாம். படத்தை அனுப்பிவிட்டேன். இனிய நினைவு என்று என்னிடம் எதுவும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் என் படத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

போன மாதம் இதே சங்கம் ஒரு வேன் பிடித்து எங்களைச் சுற்றுலா அழைத்துப் போனது. காலையில் உத்திரமேரூர் கோயில், மத்தியானம் தலைவர் பிறந்த இல்லம், சாயங்காலம் பழையசீவரம் மலைக்கோயில் என்று ஏற்பாடு. நடுவில் இருந்த பெயரைப் பார்த்ததுமே வரவில்லை என்று சொல்லத் தோன்றியது. பத்து வருஷத்துக்கு மேலாக அந்த ஊர்ப் பக்கம் போகாமல் இருக்க ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பஸ்ஸில் அந்த வழியாகப் போக நேர்ந்தாலும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை ஏனோ போய்விட்டேன். போயிருக்க வேண்டியதுதான், ஆனால் ரொம்பக் காலம் கழித்துப் போனேன்.

ஊர் மானாம்பதிக்கு மேற்கே இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. தலைவரின் பெயரையும் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள், மீதிப் பாதியில் அவர் பெயரைச் சொன்னால் வாசலில் போய்த் துப்பிவிட்டு வருவார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். இளவயதில் அவர் கூலியாட்களோடு உட்கார்ந்து கூழ் குடித்தவர். வாலாஜாபாத் சந்தை மைதானத்தில் அவர் பேச வந்தால் நெல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நடந்து வருவார்கள். குடியிருக்கிறவனுக்கு மனை சொந்தமாக வேண்டும் என்பதை அவர் பேசாத மேடை கிடையாது. பிறகு பதவி வந்தது. அதே அறுவடை ஆட்கள் கூலியை உயர்த்திக் கேட்டு வயலில் இறங்க மறுத்தபோது லாரியில் போலீஸை ஏற்றி அனுப்பியவரும் அவர்தான். அந்த அடியில் நொண்டியானவர்கள் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நினைவில்லத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கூடத்தில் தலைவரின் மூக்குக்கண்ணாடி, கைத்தடி, பேனா எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. சுவர் முழுக்கப் படங்கள். கூடத்துக்கு வலதுபக்கம் ஒரு சின்ன அறை. அதன் வாசல்நிலைக்கு மேலே சலவைக்கல் பதித்திருந்தார்கள். உள்ளே பித்தளைச் சங்கிலியில் ஒரு மரத்தொட்டில் தொங்கியது. காப்பாளராக இருந்த முப்பது வயதுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்.

"இந்த அறையிலதான் தலைவர் அவர்கள் பிறந்தார்கள். இந்தத் தொட்டில்லதான் அவங்க அம்மா தாலாட்டினாங்க."

சங்கத்துப் பெண்மணி ஒருவர் தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"இது நெல்லு கொட்டி வெச்சிருந்த அறை" என்றேன். "இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அந்த ஜன்னலை நீங்க அப்புறமா வெட்டியிருக்கீங்க. இதுக்குள்ள எந்தப் பொம்பளையும் பிள்ளை பெக்கல."

காப்பாளர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "எனக்குக் குடுத்த பேப்பர்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"பேப்பர்ல போட்டிருக்கும். அந்தப் பேப்பருக்கு அளவு குடுத்தவனே நான்தான்."

எங்கள் சங்கச் செயலாளர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "விடுய்யா ஏகாம்பரம். வந்த எடத்துல வம்பு எதுக்கு? அங்க கோயில் நடை சாத்திடுவான்." அவருக்கு அவர் அவசரம். நான் கையை உதறிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நான் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் நில அளவர். ஜனங்கள் மொழியில் சர்வேயர். பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதம் வெயிலில் அளவுச் சங்கிலி இழுக்கவிட்டார்கள், கணக்குப் போடவிட்டார்கள், படம் வரையவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உத்திரமேரூர் வட்டாரத்தில்தான் என் காலம் பெரும்பாலும் போனது. ஏரி உள்வாய், கழனி வரப்பு, சுடுகாட்டுப் பாதை என்று எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன். வரப்பை ஒரு முழம் நகர்த்தியவனையும், நகர்த்தாமலேயே நகர்த்தினான் என்று பழி சுமந்தவனையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் மூல ஆதாரம் அளவுக் குறிப்பேடு. நீளவாக்கில் ஒரு நோட்டு. பக்கங்களுக்கு எண் போட்டு மேலதிகாரி கையெழுத்திட்டுத் தருவார். ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது. மற்ற நோட்டுகளை மேலிருந்து கீழே எழுதுவார்கள், இதைக் கீழிருந்து மேலே எழுத வேண்டும். நடந்து போகிற திசையிலேயே எழுத்தும் போகும். நடுவில் சங்கிலி ஓடிய தூரம், இடதுபக்கம் இருப்பது இடதில், வலதுபக்கம் இருப்பது வலதில். ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எத்தனை படம் வரைந்தாலும், எத்தனை கோர்ட்டுக்குப் போனாலும், கடைசியில் இந்த நோட்டைத்தான் விரிப்பார்கள். இதில் இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

ஊருக்குள் வீடுகள் இருக்கும் இடத்துக்கு நத்தம் என்று பெயர். நத்தம் முழுவதற்கும் ஒரே சர்வே எண். உள்ளே யார் வீடு எது என்பதற்குப் பட்டா கிடையாது. அப்படியானால் எப்படி முடிவு செய்வது? அதற்கு ஊர்ஜனங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட வழி ஒன்று இருந்தது. கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம் வரைக்கும் அந்த வீட்டுக்காரன் மனை. சண்டை என்று போனால் நாங்கள் சுவரைப் பார்க்கமாட்டோம். அண்ணாந்து கூரையின் கீழ்விளிம்பை, அதாவது தாவாரத்தைப் பார்ப்போம், பிறகு குனிந்து மழைத்தண்ணீர் விழுந்து தரையில் ஏற்பட்ட பள்ளத்தைப் பார்ப்போம். அந்தப் பள்ளத்தில் ஆப்பு அடித்தால் இரண்டு பக்கத்துக்காரனும் பேசாமல் போய்விடுவான்.

எழுபதுகளின் நடுவில் தலைவர் இறந்துபோனார். சில மாதங்களில் அவர் பிறந்த வீட்டை அரசு எடுத்து நினைவில்லமாக்கும் என்று உத்தரவு வந்தது. சுவரொட்டியில் சாணி அடிக்கிறவர்களும் மாலை போடுகிறவர்களும் மோதிக்கொள்வதற்குள் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். வேலை என்னிடம் வந்தது. எனக்கு மேலே இருந்த ஆய்வாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. வெந்நீர்தான் குடிப்பார். அதற்காக ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் கூடவே வரும். மூன்று பென்சில்களை ஒரே உயரத்துக்குச் சீவி வைத்திருப்பார். அவற்றால் எதையும் எழுதமாட்டார். பதினோரு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன், அவர் கைப்பட எழுதிய உத்தரவு ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் வாயால்தான். அதுவும் உத்தரவு மாதிரி இருக்காது, கேள்வியாகக் கேட்பார். நாம் பதில் சொல்வோம். பதில் சொன்ன பிறகுதான் நம் கழுத்து எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியும். அப்போதும் அவர் "அப்படியா, நல்லது" என்றுதான் சொல்வார்.

தலைவருக்கு அது அம்மா ஊர். தலைச்சன் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது வழக்கம் என்பதால் அவர் அங்கே பிறந்தார். நான் முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவரப் போனபோது தாய்மாமன் மகன்தான் அந்த ஓட்டு வீட்டில் இருந்தார். சுற்றிக் காட்டினார். எந்த அறையில் பிறந்தார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அறையாவது ஒண்ணாவது. சாமி இருக்கிற வூட்ல புள்ள பெப்பாங்களா? தீட்டாச்சே. எங்க அத்த கொல்லையில மாட்டுக் கொட்டாய ஒட்டி இருந்த மண்ணு ரூம்லதான் பெத்துச்சாம். அதோ, இப்ப கன்னியம்மா இருக்கிற வூடு."

கொல்லையின் கடைசியில் ஒரு சின்ன மண்வீடு. தாழ்ந்த பனையோலைக் கூரை. கன்னியம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஏழுமலை வண்டியோட்டி, மூன்று பிள்ளைகள். அவளுடைய அம்மா ஊருக்கு மருத்துவச்சி. தலைவருக்குத் தொப்புள்கொடி அறுத்தது அந்த அம்மாதான். பேரன் பிறந்த சந்தோஷத்தில் தலைவரின் தாத்தா அந்த மண் அறையை அவளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பிள்ளை பெற்ற அறையை வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டார்கள், ஆகவே கொடுத்ததில் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. காகிதம் எதுவும் எழுதவில்லை. கன்னியம்மாவும் அதே அறையில் பிறந்தவள்தான்.

"எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும் சாரு" என்று அவள் தரையைக் காட்டினாள். "இந்த மூலையிலதான் வைக்கோலப் பரப்பி, மேல பழைய பொடவய விரிச்சிதாம். ராவெல்லாம் வலி. காலையிலதான் பொறந்தாராம். அவரு மந்திரி ஆனப்போ எங்கம்மா ஒரு நாளு பூரா சிரிச்சிக்கினு இருந்திச்சி. ஆனா ஒரு தபாகூட இங்க வந்து பாக்கல அவரு."

அந்த வீட்டின் கூரை இற்றுப்போய், ஒரு பக்கம் சரிந்து, பார்ப்பதற்குக் கைவிட்ட கொட்டகை மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். அரசாங்கம் எடுக்கும்போது கொல்லையையும் சேர்த்து எடுக்கும். இது குடியிருப்பு என்று நோட்டில் ஏறினால் இவர்களுக்கு மாற்று இடமாவது கிடைக்கும். பாழடைந்த கொட்டகை என்று ஏறினால் ஒன்றும் கிடைக்காது. நல்லது செய்கிற நினைப்பில் நான் வாயைத் திறந்தேன்.

"கன்னியம்மா, வெள்ளிக்கிழமை அளக்க வர்றோம். அதுக்குள்ள கூரையை மாத்திடுங்க. புது ஓலை போட்டு, தாவாரத்தை நல்லா இறக்கி விடுங்க. பாக்கிறவங்களுக்கு ஆள் குடியிருக்கிற வீடுன்னு தெரியணும்."

"பங்குனியிலதான் மாத்தலாம்னு இருந்தோம்."

"இப்பவே மாத்துங்க. என் பேச்சைக் கேளுங்க."

ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். ஓலைக்கு வாலாஜாபாத் வரைக்கும் வண்டி ஓட்டிப் போய்வர வேண்டும். சரி என்று கடைசியில் தலையாட்டினார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஆய்வாளர் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "பின்னால ஒரு கொட்டகை இருக்காமே. என்ன நிலைமையில இருக்கு?"

நான் பெருமையாகச் சொன்னேன். "கொட்டகை இல்ல சார், வீடு. குடும்பம் இருக்கு. கூரை மாத்தறாங்க. இன்னிக்கிப் பழசைப் பிரிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள புது ஓலை போட்டுடுவாங்க."

"அப்படியா, நல்லது" என்றார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வேறு ஜோலி வந்துவிட்டது, இன்றைக்கே அளந்துவிடலாம் என்றார். நத்தத்துக்குள் அளப்பதற்கு முன் தண்டோரா போட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று நான் இழுத்தேன். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சி. காகிதத்துல வேற யார் பேர் இருக்கு?" என்று கேட்டார். வேறு யார் பேரும் இல்லைதான். நானே என் வாயால் இல்லை என்று சொன்னேன்.

நாங்கள் போனபோது கன்னியம்மாவின் வீட்டுக்கு மேலே வெறும் ஆகாயம் இருந்தது. பழைய ஓலையை முழுக்கப் பிரித்து ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். உளுத்துப்போன மூங்கில்களையும் கழற்றிக் கீழே கிடத்தியிருந்தார்கள். நாலு பக்கமும் மண்சுவர் மட்டும் நின்றது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பானையில் சோறு கொதித்தது. சின்னப் பெண் சுவரோரம் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழுமலை ஓலை ஏற்றிவர விடியலிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

ஆய்வாளர் வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அங்கிருந்து அசையவில்லை. சங்கிலி பிடிக்கும் முனுசாமியும் நானும் முன்வாசலிலிருந்து கோடு ஓட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தோம். இடதுபக்கம் கிணறு எழுதினேன். வலதுபக்கம் வைக்கோல் போர் எழுதினேன். மண்வீடு வந்தபோது சங்கிலியை நிறுத்தினேன்.

"என்ன அது?" என்றார் நாற்காலியிலிருந்து.

"குடியிருப்பு சார்."

"கூரை இருக்கா?"

"பிரிச்சிருக்காங்க சார், மாத்தறதுக்காக."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க ஏகாம்பரம். இப்ப கூரை இருக்கா?"

"இல்ல சார்."

"தாவாரம் சொட்டற எடம் எது? காட்டுங்க."

நான் என்ன காட்டுவேன்? கூரை இருந்தால்தானே சொட்டும். தரையில் பழைய பள்ளம் இருந்தது. நேற்று பிரித்த ஓலைக்குப்பை அதை மூடிக் கிடந்தது. நான் காலால் விலக்கிவிடப் போனேன்.

"அளவர் கண்ணுல படறதை எழுதணும். கிளறிப் பாத்து எழுதக் கூடாது" என்றார். குரல் ஒரு துளிகூட உயரவில்லை. "கண்ணுல என்ன படுது?"

கன்னியம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஓலை வந்துக்கினு கீது சாரு. வூட்டுக்காரரு போயிருக்காரு. பொழுது சாயறதுக்குள்ள போட்டுடுவோம். இவருதான் மாத்தச் சொன்னாரு" என்று என்னைக் கையால் காட்டினாள்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அளக்கப்போகிற இடத்தில் இருப்பவர்களுக்கு நீ முன்கூட்டியே யோசனை சொல்லியிருக்கிறாயா என்று அது கேட்டது. அது வேலையைப் பறிக்கிற குற்றம். எனக்கு அப்போது கல்யாணத்துக்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். இதை நியாயத்துக்காகச் சொல்லவில்லை. என் கை ஏன் அப்படி எழுதியது என்று கேட்டால் அதுதான் காரணம், வேறு காரணம் இல்லை. வலதுபக்கம், "கூரையற்ற பழைய மண்சுவர்" என்று எழுதினேன். அடுப்பு எரிந்ததை எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது. கட்டம் போட்டவன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. கட்டத்துக்கு வெளியே எழுதாத என் மேல் அதைவிட ஆத்திரம் உண்டு.

தாய்மாமன் மகன் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார் என்பதையும் எழுத வேண்டும். "சார், நெசத்துல அவரு பொறந்தது அங்கதான்." ஆய்வாளர் சிரித்தார். "மாட்டுக் கொட்டாயில பொறந்தார்னு கல்லு வெக்க முடியுமா? கூடத்துக்குப் பக்கத்துல ஒரு அறை இருக்கே, அது போதும்." தலைவர் பிறந்த அறையை இப்படித்தான் முடிவு செய்தோம். வெந்நீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஓலை வண்டி வந்து சேர்ந்தது. ஏழுமலையும் கன்னியம்மாவும் நான் சொன்ன மாதிரியே தாவாரத்தை நன்றாக இறக்கிப் புதுக்கூரை போட்டார்கள். அதுவே அவர்களுக்கு எமனாக வந்தது. இரண்டு வாரம் கழித்து வருவாய்த் துறை ஆட்கள் நோட்டையும் வரைபடத்தையும் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள். அளந்த தேதியில் வெறும் சுவர், இப்போது புத்தம்புதுக் கூரை. ஆகவே அரசு எடுக்கப்போவது தெரிந்து புதிதாக ஆக்கிரமித்தவர்கள் என்று எழுதினார்கள். ஆக்கிரமிப்புக்கு மாற்று இடம் கிடையாது. இடிக்கிற அன்று எல்லையைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். காட்டினேன். பச்சை வாசம் போகாத ஓலையைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார்கள். கன்னியம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் சாமான்களைத் தூக்கி வண்டியில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆய்வாளர் இருந்தார்.

குடியிருக்கிறவனுக்கு மனை சொந்தம் என்று ஊர் ஊராகக் கத்திய மனிதருக்கு ஞாபகச் சின்னம் வைக்க, அவரைக் கையில் ஏந்தியவளின் மகளைக் குடியிருந்த மனையிலிருந்து துரத்தினோம். அவர் நிஜமாகவே பிறந்த இடத்தைத் தரைமட்டம் ஆக்கிவிட்டு, பிறக்காத இடத்தில் தொட்டில் கட்டினோம். இதில் தலைவரைத் திட்டுகிறவர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கும்பிடுகிறவர்களும் திறக்கவில்லை. அவர்கள் சண்டையெல்லாம் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் இருந்தது. ஆய்வாளர் பதவி உயர்வு பெற்று, நல்ல பெயரோடு ஓய்வு பெற்று, போன வருஷம் காலமானார். போன மலரில் அவருக்கு இரங்கல் போட்டிருந்தீர்கள். சாந்தமான அதிகாரி என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், அவ்வளவு சாந்தமாக ஒரு குடும்பத்தைத் தெருவில் விட வேறு யாராலும் முடியாது.

இனி அந்தக் கொல்லைக்கு வருகிறேன். செயலாளர் கையை உதறிவிட்டு நான் போனபோது அங்கே புல்தரை இருந்தது. குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். புல்லில் நடக்காதீர்கள் என்று ஒரு பலகை. வேப்பமரம் அப்படியே இருந்தது. மரத்திலிருந்து கண்ணாலேயே அளந்துகொண்டு போய் ஒரு சிமெண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் சருகு பெருக்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அளக்கிற சாருதானே நீங்க?"

"ஆமா கன்னியம்மா."

அவள் அங்கே தினக்கூலிக்குப் பெருக்குகிறாளாம். நாலு வருஷமாகிறதாம். ஏரிக்கரைப் பக்கம் குடிசை போட்டிருக்கிறார்களாம். மழை வந்தால் அங்கே தண்ணீர் நுழைந்துவிடுமாம். இதையெல்லாம் நான் கேட்டதற்குத்தான் சொன்னாள். ஏழுமலை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார் என்றாள். பிறகு துடைப்பத்தைக் கீழே ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சாரு, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. கூரயப் பிரிக்கச் சொன்னீங்களே, அத்த தெரிஞ்சி சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"தெரியாமத்தாம்மா சொன்னேன். நல்லதுன்னு நெனச்சித்தான் சொன்னேன். புதன்கிழமை வருவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். "நானும் அத்தத்தான் சொல்லிக்கினு இருந்தேன். எங்கூட்டுக்காரரு நம்பல. அந்த ஆளு பெரிய வூட்டுக்காரன்கூட சேந்துக்கினு நம்மள ஏமாத்திட்டான், நீ ஒரு கூறுகெட்டவ, அவன் பேச்சக் கேட்டு நின்ன வூட்டப் பிரிச்சன்னு குடிச்சிட்டு வந்தாலும் அதே பேச்சி, குடிக்காட்டாலும் அதே பேச்சி. நான் இல்ல, அந்த சாரு அப்பிடிப்பட்டவரு இல்லன்னு சொல்லுவேன். அதுக்கு அடிப்பாரு."

வேனில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "கூப்புடுறாங்க, போங்க சாரு" என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கப் போனாள். அன்று நான் பழையசீவரம் போகவில்லை. மானாம்பதி வரைக்கும் நடந்து போய் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இப்போது நத்தத்தை வீடு வீடாக அளந்து பட்டா கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நடந்தவற்றைத் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டேன். எந்த நோட்டு, எந்தப் பக்கம், நான் எழுதியது எப்படிப் பொய், அடுப்பு எங்கே எரிந்தது, வேப்பமரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் கூரைத்தண்ணீர் சொட்டிய பள்ளம் இருந்தது என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அவளுக்கு ஊருக்குள் ஒரு மனை கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். வாங்கிக்கொண்ட அதிகாரி, "இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? உங்க ஓய்வூதியத்துக்கே ஆபத்தா முடியும்" என்றார். முடியட்டும். நான் எழுதிய பொய்க்கு இதுவரை சம்பளமும் வாங்கிவிட்டேன், ஓய்வூதியமும் வாங்கிவிட்டேன்.

அதன் நகலைக் கன்னியம்மாவிடம் கொடுப்பதற்காக முந்தாநாள் ஏரிக்கரைக்குப் போனேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் கூரையைப் பிரித்தார்கள், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். மறுபடியும் படித்தேன். தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத்த எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்கசொல்ல எடுத்துக்கினு வந்திருக்கலாம் இல்ல சாரு" என்றாள்.